ஒரு பொந்துக்கு இரண்டு வாசல்

ஆட்களைக் கடலுக்கடியில் அழைத்துப்போகப் புதிதாகப் பொறுப்பேற்கும் நீங்கள் ஐந்து பேர். நான்கு பேர் சிப்காட்டில் ஏதோ ஒரு ஷிப்டில் வேலை செய்துகொண்டே ஞாயிறு மட்டும் வருகிறவர்கள். ஒருவர் வேலையை விட்டுவிட்டு இதையே முழு நேரமாகச் செய்யப்போகிறார். அவரை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மற்ற நான்கு பேரை நினைத்தாலும் அப்படித்தான்.

உங்களுக்குப் பயன்படும்படி நான்கு பக்கம் அனுபவம் எழுதித் தரச் சொல்லிக் குழுவில் கேட்டார்கள். சிலிண்டர் மாட்டுவது, காது அடைத்தால் என்ன செய்வது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது. நான் எழுதப்போவது ஒரு மீனைப் பற்றியும் ஒரு விரலைப் பற்றியும். இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கடைசியில் ஒரு வரி எழுத வேண்டும் என்று உட்கார்ந்து ஐந்து தடவை எழுதி ஐந்தையும் கிழித்துவிட்டேன். இது ஆறாவது. குழப்பம் தீர்ந்தபின் எழுதலாம் என்றால் எனக்கு வயது அறுபத்தெட்டு. அதனால் குழப்பத்தோடேயே தருகிறேன்.

முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகள் அறையில் இருந்தேன். காலையில் எத்தனை கருவி வெளியே போனது, மாலையில் எத்தனை திரும்பியது என்று எண்ணுவதுதான் வேலை. ஓய்வு பெற்றபின் ஒன்பது வருடம் ஓசூர் ஆட்களைக் கடலுக்கு அழைத்துப் போனேன். பாகலூர் சாலையில் ஒரு பள்ளி நீச்சல் குளத்தில் பயிற்சி, பிறகு கர்நாடகக் கடற்கரையில் ஒரு தீவு. ஐம்பத்து மூன்று பயணம். போன எண்ணிக்கையும் திரும்பிய எண்ணிக்கையும் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருந்தது. போன வருடம் காது மருத்துவர் போதும் என்றுவிட்டார்.

படகில் நாம் மாட்டும் பித்தளை வில்லைகள் எங்கிருந்து வந்தன என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். தொழிற்சாலையில் இயந்திரத்துக்குள் இறங்கிப் பழுது பார்க்கிறவர் மெயின் சுவிட்சில் தன் பூட்டைத் தானே போடுவார், வேலை முடிந்து வெளியே வந்ததும் தானே எடுப்பார். அடுத்தவர் பூட்டை யாரும் தொடக்கூடாது, மேனேஜராகவே இருந்தாலும். அதைத்தான் நாம் படகுக்குக் கொண்டுவந்தோம். கடலில் இறங்கும்போது ஆளுக்கொரு வில்லையைப் பலகையில் மாட்ட வேண்டும், ஏறியதும் அவரவரே எடுக்க வேண்டும். ஒரு வில்லை மிச்சமிருந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம்.

அது படகில். தண்ணீருக்கடியில் பலகை கிடையாது, நாமேதான் எண்ண வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தடவை ஆறு பேரை அழைத்துப் போனேன். நடுவில் எண்ணினால் ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழு. வேறு படகில் வந்த ஒரு மனிதர் எங்களைத் தன் குழு என்று நினைத்துக் கூடவே நீந்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எல்லாம் சரி என்று வேறு காட்டினார். அன்றிலிருந்து நான் தலையை எண்ணுவதில்லை, முகமூடிக்குள் கண்ணைப் பார்த்து எண்ணுகிறேன். இது சுலபமான பாடம். எண்ணிக்கை கூடினால் ஏன் என்று கேட்கிறோம். ஒன்று என்று எதிர்பார்த்து ஒன்றையே பார்த்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. என் தவறு அங்கேதான் நடந்தது.

அந்த மீனின் பெயர் அஞ்சாலை. பயிற்சிப் புத்தகத்தில் மொரே ஈல் என்று போட்டிருக்கும். நம் ஆட்கள் பார்த்ததும் விலாங்கு என்பார்கள். ஏரியில் பார்த்தது அதுதானே. நீளமும் வழவழப்பும் அதே மாதிரிதான், ஆனால் இது கடற்பாறைப் பொந்தில் இருப்பது, பல்லும் வேறு. நாம் போகும் தீவில் வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டுகள் உள்ள வகை இருக்கிறது. ஆள் உயரத்துக்கு வளரும். தலையை மட்டும் வெளியே நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் கடிக்க வருகிறது என்று பின்வாங்குவார்கள். அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். வாய் வழியே தண்ணீரை இழுத்துச் செவுள் வழியே விட்டாக வேண்டும். நம்மை அது ஒழுங்காகப் பார்ப்பதுகூட இல்லை. கண் மங்கல், மூக்குதான் கூர்மை. அதன்பாட்டுக்கு விட்டால் அதுவும் நம்மை விட்டுவிடும்.

நான் அதன்பாட்டுக்கு விடவில்லை. முதல் இரண்டு வருடம் ஒரு வேலை செய்தேன். பிளாஸ்டிக் கவரில் மீன் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய், ஒரு பொந்தின் முன்னால் விரல் நுனியில் நீட்டுவேன். உள்ளே இருந்த அஞ்சாலை பாதி உடம்போடு வெளியே வந்து வாங்கிக்கொள்ளும். அதன் இடது மேலுதட்டில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது, அதனால் ஒவ்வொரு முறையும் அடையாளம் தெரிந்தது. ஆட்கள் படம் எடுத்துக்கொள்வார்கள், திரும்பும் வழியெல்லாம் அதையே பேசுவார்கள். இப்படி ஆறு தடவை. ஏழாவது தடவை படகிலேயே மேடம் கவரைப் பார்த்துவிட்டார்.

மேடம் என்றால் அந்தக் கரையில் பயிற்சியாளர். தன் பெயரை எழுத வேண்டாம் என்றிருக்கிறார். என்னைவிட இருபத்திரண்டு வயது இளையவர், எனக்குக் கடலைக் கற்றுக்கொடுத்தவர். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ்.

"கவர்ல என்ன சார்?"

"மீனு மேடம். அதுக்கு."

"பேடா சார், வேணாம். எடுத்து வெச்சிருங்க."

"இது போட்டாதான் வெளிய வருது மேடம். ஜனங்க சந்தோஷப்படறாங்க."

"உங்களுக்காக வரல சார் அது. கைக்கு வருது. இனிமே அதுக்குக் கைன்னாலே சாப்பாடு. உங்க கை எது, நாளைக்கு வர்றவங்க கை எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு தடவதான் மேடம் குடுத்திருக்கேன்."

"அது எண்ணிட்டு உக்காந்திருக்குமா சார், ஆறுதான்னு?"

நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. ஆனால் கொடுத்ததை யாரிடமும் சொல்லவும் இல்லை. படம் எடுத்தவர்களெல்லாம் வேறு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள். மேடம் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் சொல்லிக்காட்டுகிறவர் இல்லை.

மூன்று வருடம் கழித்து முனிராஜ் வந்தார். வயது முப்பத்து நான்கு. சொந்த ஊர் பாரூர் பக்கம். அண்ணன் ஏரிக் கால்வாய்த் தண்ணீரில் நெல்லும் கரும்பும் பார்க்க, இவர் ஓசூரில் ஹைட்ராலிக் வால்வுக்கு இரும்பு பாடி செய்யும் தொழிற்சாலையில் கடைசிச் சோதனையில் இருந்தார். ஒரு பீஸில் பதினான்கு துளை. ஒரு துளைக்குள் இன்னொரு துளை வந்து சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். எந்திரம் பார்க்கும், விளக்கு அடித்துப் பார்ப்பார்கள், அதற்கும் பிறகு முனிராஜ் தன் வலது ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். விரல் தட்டினால் பீஸ் நிற்கும். அந்த லைனில் அவர் விரலுக்கு மேல் பேச்சில்லை.

அன்று கீழே போனது ஆறு பேரும் நானும் மேடமும். இறங்கும் முன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். பொந்திலிருந்து இரண்டு கை நீளம் தள்ளி நில்லுங்கள், வாசலுக்கு நேரே மறிக்காதீர்கள், தொடாதீர்கள், விளக்கை முகத்தில் அடிக்காதீர்கள், மூச்சைச் சீராக வைத்தால் பாறையைப் பிடிக்கத் தேவையிருக்காது. ஐந்து விஷயம். ஆறாவது ஒன்று இருந்தது. இந்தப் பாறையில் ஒரு அஞ்சாலை கையிலிருந்து தின்று பழகியது என்பது. அதை வழக்கம்போல் சொல்லவில்லை. மூன்று வருடமாகிவிட்டது, மறந்திருக்கும் என்று நினைத்தேன். நான்தான் மறக்கப் பார்த்திருக்கிறேன்.

பதினொரு மீட்டர் ஆழத்தில் அந்தப் பாறை. முன்வாசலில் தலை தெரிந்தது. இடது உதட்டில் தழும்பு. ஆறு பேருக்கும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன்: ஒன்று. மூன்று மூன்று பேராக இரண்டு பக்கமும் நிறுத்தினேன். முனிராஜ் வலது பக்கக் கடைசியில், பாறையின் ஓரத்தில் இருந்தார். கிரீஷ் என்று ஒருவர் இருந்தார், முனிராஜின் தொழிற்சாலையிலேயே பிராசஸ் எஞ்சினியர். அவர் கேமராவோடு இடது பக்கம்.

முனிராஜ் இருந்த ஓரத்தில், பாறையின் பக்கவாட்டில் ஒரு துளை. நல்ல வட்டம். பிறகு அவர் சொன்னார், "டிரில் போட்ட மாதிரி இருந்துச்சுங்க சார். கை தானா போயிடுச்சு." அந்தத் துளை அதே பொந்தின் இன்னொரு வாசல் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாறைக்கு எத்தனை தடவை வந்திருக்கிறேன் என்று என் நோட்டில் இருக்கிறது. அதற்கு எத்தனை வாசல் என்று ஒரு தடவையும் சுற்றிப் பார்க்கவில்லை.

குமிழிகள் ஒரே கொத்தாகக் கிளம்பியதைப் பார்த்துத் திரும்பினேன். விரல் இரண்டு கணு வரை உள்ளே. முனிராஜ் இடது கையைப் பாறையில் ஊன்றி, பிடுங்கி எடுக்கத் தோளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

அஞ்சாலையின் பல் உள்பக்கமாகச் சாய்ந்தது. இழுத்தால் சதையை உரித்துக்கொண்டுதான் விரல் வரும். பிடித்ததை உள்ளே இழுக்கத் தொண்டையில் இன்னொரு ஜோடித் தாடை வேறு உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் என் கை முதலில் அவர் தோளைப் பிடித்து இழுக்கத்தான் போனது. பாதி வழியில் மாற்றிக்கொண்டு மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்து, வெளியே வராமல் அங்கேயே நிறுத்தினேன். முகமூடிக்குள் முனிராஜ் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. அவர் விரலை நான் மீனுக்குக் கொடுக்கிறேன் என்று நினைத்திருப்பார். எண்ணினேன். ஒன்பதில் அது வாயை விட்டது. முனிராஜ் ஒரு நிமிஷத்துக்கு மேல் என்கிறார். கிரீஷ் மூன்று செகண்ட் என்கிறார். நான் எண்ணியது ஒன்பது.

விட்டதும் அவர் மேலே பாயப் பார்த்தார். தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டேன். விரல் போனாலும் ஆள் பிழைப்பார், அந்த வேகத்தில் மேலே போனால் நுரையீரல் பிழைக்காது. மற்ற ஐந்து பேரை மேடம் ஒரு கையசைப்பில் சேர்த்துக்கொண்டார். விரலை என் உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு மெதுவாக ஏறினோம். படகில் ஏறியதும் அவருடைய வில்லையை எடுக்க நான் கை நீட்டினேன்.

"நான் எடுக்கறேங்க சார்" என்று இடது கையால் எடுத்தார்.

நல்ல தண்ணீரில் கழுவி, துணியை அழுத்திக் கட்டி, கையை மேலே தூக்கி வைத்தபடி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏழு தையல். சின்னக் கடி என்று யாரையும் அப்படியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கடல் மீன் கடி சுலபமாகச் சீழ் வைக்கும். நரம்பு தப்பித்துவிட்டது, உணர்ச்சி திரும்பும் என்று டாக்டர் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு மதியம், குளத்தங்கரையில் ஒய்-ஒய் கூட்டம். எங்கள் குழுவில் எல்லோரும் தொழிற்சாலை ஆட்கள். எது நடந்தாலும் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. கிரீஷ் பலகையில் கோடு போட்டார்.

"ஒண்ணாவது ஒய். மீன் ஏன் கடிச்சுது?"

"பசிணா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

"டேய். விரல் உள்ள போச்சு, கடிச்சுது. ரெண்டாவது. விரல் ஏன் போச்சு?"

"பழக்கங்க" என்றார் முனிராஜ். கட்டுப்போட்ட விரலை மடியில் வைத்திருந்தார். "டெய்லி விடற விரலு."

"இவங்க ஊர்ல வரப்பு வளைல கைய விட்டு நண்டு புடிப்பாங்கணா. அந்தப் பழக்கம் இது. கம்பெனிய இழுக்காதீங்க" என்றது பின்னாலிருந்த அதே குரல்.

"நீ நண்ட எங்கடா பாத்த? ஓட்டல்ல மசாலாக்குள்ளதான பாத்திருப்ப" என்றார் முனிராஜ். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஐந்தாவது ஏனில் முடித்தார்கள். தாளில் இப்படி எழுதப்பட்டது: காரணம், ஆபரேட்டர் கவனக்குறைவு, கைப்பழக்கம். தீர்வு, ஆபரேட்டருக்கு மறுபயிற்சி. முனிராஜ் இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். கிரீஷ் என் பக்கம் பேனாவை நீட்டினார்.

"நீங்க எதாச்சும் சேக்கணுமா சார்?"

"இல்லப்பா."

பொய் சொல்ல வேண்டும் என்று அப்படிச் சொல்லவில்லை. எனக்கே தெரியவில்லை. முன்வாசலில் இருந்தது நான் ஊட்டிய அஞ்சாலை, அதில் சந்தேகம் இல்லை. பக்கவாசலில் கடித்தது அதுதானா? நான் முனிராஜ் பக்கம் திரும்பிய நொடியில் முன்வாசலில் தலை இருந்ததா, உள்ளே போயிருந்ததா? தலை அங்கேயே இருந்திருந்தால் கடித்தது வேறொன்று. ஒரே பொந்தில் இரண்டு இருப்பதும் உண்டு. அந்த இரண்டாவது என் கையிலிருந்து எதுவும் தின்றதில்லை, என் மேல் தப்பில்லை. உள்ளே போயிருந்தால் தப்பு என்னுடையது. அந்த ஒரு நொடியை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். சில நாள் தலை இருக்கிறது, சில நாள் இல்லை.

கிரீஷின் கேமராவில் இரண்டு படம் இருந்தது. ஒன்று, முன்வாசலில் தெரிந்த தலை. இன்னொன்று, அவர் எங்கள் பக்கம் நீந்தி வந்து எடுத்தது: கடித்த வாயைத் திறந்து விரலை விடுவித்தபோது பக்கவாசலில் எட்டிப் பார்த்த தலை. இரண்டையும் பெரிதாக அச்சடித்து, கண்ணிலிருந்து செவுள் வரை உள்ள திட்டுகளை லென்ஸ் வைத்து எண்ணினேன். முதல் படத்தில் இருபத்து மூன்று. இரண்டாவதில் பத்தொன்பது. அப்படியானால் வேறு மீன். அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன். மேடத்துக்கும் படங்களை அனுப்பினேன். போனில் அழைத்தார்.

"சார், முதல் போட்டோல இருக்கறது அதோட இடது கன்னம். ரெண்டாவதுல வலது கன்னம். உங்களுக்கு ரெண்டு கன்னத்துலயும் மச்சம் ஒரே மாதிரியா இருக்கு?"

கண்ணாடி முன் போய்ப் பார்த்தேன். இடதில் மூன்று, வலதில் ஒன்று.

இப்படியே விட்டிருப்பேன். ஒரு நாள் கிரீஷ் குளத்தில் உடை மாற்றும்போது சொன்னார்.

"முனிராஜ் விஷயம் சரியில்ல சார்."

"விரல் ஆறிடுச்சுன்னாங்களே?"

"விரல் நல்லாத்தான் இருக்கு. உள்ள விட மாட்டேங்கறான். ஹோல் வாயில கொண்டு போய் நிக்குது கை. என் கை என் பேச்ச கேக்காதுங்கறான். பிசிறோட ரெண்டு பீஸ் போய் திரும்பி வந்துடுச்சு சார். மாசக் கடைசி வரைக்கும் பாப்பாங்க, அப்பறம் பேக்கிங்தான். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டணும் அவன்."

"இப்ப எங்க?"

"ஒரு வாரம் லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருக்கான்."

அந்தத் தாளில் அவர் கையை நாங்கள் குற்றவாளி என்று எழுதினோம். அதைத்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். நான் தீனி போட்டதைச் சொன்னால் அந்த நம்பிக்கை உடையும், விரல் திரும்பும். ஆனால் கடித்தது அந்த மீன்தான் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைக் காரணம் என்று சொல்வது இன்னொரு பொய் இல்லையா? சொல்லாமல் இருப்பது எந்தக் கணக்கில் வரும்? மூன்று நாள் இதையே யோசித்தேன். நான்காம் நாள் காலை, தாளையும் இரண்டு படங்களையும் பையில் வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து காவேரிப்பட்டினம், அங்கிருந்து பாரூர். மூன்று பஸ்.

முனிராஜின் மனைவி லட்சுமி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிளிப்பைக் கொடியில் மாட்டிவிட்டுச் சொன்னார்.

"வாங்க சார். இந்த தடவ எந்த மீனுக்குக் குடுக்கறதுக்கு வந்திருக்கீங்க இவர?"

தண்ணீர் கொடுத்தார். "கால்வாய்க்காட்ல இருக்காரு. போய்ப் பாருங்க. ராத்திரி எல்லாம் அந்த விரலயே பாத்துகினு உக்காந்திருக்காரு, அதுக்கு எதாச்சும் சொல்லிட்டுப் போங்க."

கரும்புக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார் முனிராஜ். மண்வெட்டிப் பிடியில் நான்கு விரல்தான் இருந்தது, ஆள்காட்டி விரல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. நின்றபடியே சொன்னேன். ஆறு தடவை, கையால், இதே பாறையில். மேடம் திட்டியது. அன்று இறங்கும் முன் சொல்லாதது. கூட்டத்தில் இல்லை என்றது. படங்களைக் காட்டினேன். அதுதானா இல்லையா என்று தெரியவில்லை என்பதையும் சொன்னேன், இரண்டு தடவை.

மண்வெட்டியை வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"நான் கையெழுத்து போட்டேனே சார் அன்னிக்கு. எடது கையில. பக்கத்துலதான நீங்க இருந்தீங்க?"

"இருந்தேன்."

"ரெண்டு மாசமா நான் என் கைய திட்டிகினு இருக்கேன் சார்."

"தெரியும்பா. அதுக்குத்தான் வந்தேன். ஆனா அது அந்த மீனுதானான்னு..."

"அத விடுங்க." படங்களை வாங்கினார். இடது படத்தை ஒரு முறை, வலது படத்தை ஒரு முறை பார்த்தார். எண்ணவில்லை. திருப்பிக் கொடுத்தார். "எனக்கும் தெரியல. ஆறு தடவ குடுத்தது நெசமா?"

"நெசம்."

"அது சந்தேகம் இல்லாம தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப தெரிஞ்சத எழுதுங்க. தெரியாததுக்கு ஏன் சார் இத்தன நாளு காத்துகினு இருந்தீங்க?"

பையிலிருந்து தாளை எடுத்து முழங்காலில் வைத்து எழுதினேன். ஆறாவது ஏன்: இந்தப் பாறையில் ஒரு அஞ்சாலைக்கு நான் ஆறு தடவை கையால் தீனி கொடுத்திருக்கிறேன். இறங்கிய யாரிடமும் அதைச் சொல்லவில்லை. கடித்தது அதே மீன்தானா என்று தெரியவில்லை. இந்தப் பொந்துக்கு இரண்டு வாசல் என்பதை நான் பார்த்து வைக்கவில்லை.

அவர் பக்கம் பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"இதுல நான் எதுக்கு? உங்க பூட்டு. நீங்களே எடுங்க."

கையெழுத்துப் போட்டேன். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்.

அந்தத் தாள் இப்போது குளத்து அலமாரியில், பச்சை ஃபைலில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். தீனி போடாதீர்கள் என்று தனியாக உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இப்போது யாரும் போடுவதில்லை. ஆனால் நீங்களும் ஏதாவது ஒன்று செய்வீர்கள், செய்து நிறுத்தியும் விடுவீர்கள். நிறுத்தியதோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். அந்த இடத்துக்கு அடுத்து வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு பொந்தைக் காட்டும் முன், ஆட்களைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பாறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இதைத் தவிர உறுதியாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

முனிராஜ் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியது தெரியும். விரல் என்ன ஆனது என்று கிரீஷிடம் கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை. இரண்டு ஞாயிறு முனிராஜ் குளத்துக்கு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தார். என்னிடம் பேசவில்லை. நான் அடுத்த பயணத்துக்கான சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தி, வால்வுகளைத் துடைத்துச் சரிபார்த்து, பலகையில் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவர் வரிசையின் ஒரு ஓரத்தில் குனிந்து நின்றார். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு வலது கையை நீட்டினார். முதல் சிலிண்டரின் வால்வில் ரப்பர் வளையத்தைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தில் ஆள்காட்டி விரலை வைத்து ஒரு சுற்று. அடுத்ததிலும் ஒரு சுற்று. நான் எழுதுவதுபோல் நின்றுகொண்டிருந்தேன். ஒன்பதாவதில் விரல் நின்றது.

"இது வேணாங்க சார். பிசிறு இருக்கு. ரிங்கு கிழிஞ்சிடும்."

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நகத்தால் தடவினேன்.

"ஒண்ணும் தெரியலயேப்பா."

"உங்களுக்குத் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டுப் பத்தாவதுக்கு நகர்ந்தார்.

அதில் பிசிறு இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்பதாவது சிலிண்டரைத் தனியாகத் தூக்கி வைத்துவிட்டு, பலகையில் பன்னிரண்டை அழித்துப் பதினொன்று என்று எழுதினேன்.